குதிரைவலு வளர்ச்சியாகுமா? மன்னார்க் கடற்றொழிலும் இயந்திர மோகமும்

வளர்ச்சியை ஓர் எண்ணால் அளந்து காட்டும் வழக்கம் இன்று எல்லாத் துறைகளிலும் வேரூன்றிவிட்டது. கடற்றொழிலிலே அந்த எண் குதிரைவலு ஆகும். எட்டுக் குதிரைவலு இயந்திரம் பூட்டியவன் பின்தங்கியவன். பதினைந்து பூட்டியவன் முன்னேறுகின்றவன். இருபத்தைந்து பூட்டியவன் முன்னேறிவிட்டவன் என்னும் கணக்கு கரையோரக் கிராமத்திலும் அரசியல் மேடையிலும் ஒரே குரலில் ஒப்புவிக்கப்படுகின்றது. மன்னார்த் தீவிலும் அதனை அடுத்துள்ள பெருநிலக் கரையிலும் இக்கணக்கு ஒரு கோரிக்கையாகவே உருப்பெற்றுள்ளது. இந்திய இழுவைப்படகுகளுக்கு ஈடுகொடுக்க வேண்டுமாயின் இங்குள்ளோர்க்கும் அவற்றை ஒத்த பெரிய இயந்திரம் வேண்டும் என்பதே அக்கோரிக்கை. அதன் பின்னாலுள்ள வேதனை உண்மையானது. அது காட்டும் வழியோ பொய்யானது. பெரிய இயந்திரம் மன்னார்க் கடற்றொழிலாளியை விடுவிக்காது. அவனைக் கடனுக்கும் எண்ணெய்க்கும் அடிமையாக்கி, ஈற்றில் அவன் காலடியிலுள்ள கடலையும் வெறுமையாக்கும்.

இவ்வாறு கூறுவது இயந்திரத்தையே வெறுப்பதாகாது. பாயும் துடுப்பும் கொண்டு தொழில் செய்த காலத்தைப் பொற்காலமெனப் பாடுவோர் பெரும்பாலும் ஒருநாளேனும் துடுப்பு வலித்தறியாதவர்களே. 1950களின் இறுதியிலிருந்து அரசாங்கம் மானிய அடிப்படையில் வழங்கத் தொடங்கிய மூன்றரைத் தொன் படகும், வள்ளங்களிற் பூட்டப்பட்ட வெளியிணைப்பு இயந்திரமும், அவற்றுடன் வந்த நைலோன் வலையும் தொழிலாளியின் உடலுழைப்பைக் குறைத்தன. காற்று மாறிய வேளையிற் கரைசேரும் உறுதியை அளித்தன. மீன் பழுதடையாமற் சந்தைக்குச் செல்ல வழிசெய்தன. இவற்றை மறுப்பவன் வரலாற்றை மறுப்பவனாவான். ஆயின், முதல் இயந்திரம் தந்த நன்மையை இரண்டாவதும் மூன்றாவதும் அதே அளவிற் தரும் என்று கொள்வது வரலாறுமன்று, விஞ்ஞானமுமன்று.

வலுவேற்றும் மோகத்தின் இயல்பை விளங்கிக்கொள்ள மோட்டார் வாகன உலகின் ஓர் அத்தியாயம் உதவும். 1964இல் அமெரிக்காவின் பொன்ரியக் நிறுவனம் நடுத்தர அளவினதான கார் ஒன்றின் உடலினுள் 6.4 லீற்றர் கொள்ளளவும் 325 குதிரைவலுவும் கொண்ட எட்டு உருளை இயந்திரத்தைப் பொருத்தி ஜி.ரி.ஓ. என்ற பெயரில் விற்றது. ஏனைய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 1970 அளவில் 450 குதிரைவலு கொண்ட செவர்லே கார்கள் தெருவுக்கு வந்துவிட்டன. இயந்திரம் பெருத்த வேகத்தில் தடுப்புகளும் வளையங்களும் அதனைத் தாங்கும் சட்டமும் பெருக்கவில்லை. காப்புறுதிக் கட்டணம் ஏறிற்று; 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகையைக் கட்டுப்படுத்திற்று; 1973இன் எண்ணெய் நெருக்கடி அந்தப் போட்டிக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்று அத்தகைய பழைய காரொன்றின் இயந்திரத்தை மேலும் வலுவேற்றி மகிழ்வோர் உலகெங்கும் உள்ளனர். அது அவர்களின் பொழுதுபோக்கு. அதன் செலவு அவர்களது பணப்பையைச் சாரும். எத்தனை கார்கள் ஓடினாலும் தெரு தேயலாமேயன்றித் தன்னுள்ளிருக்கும் எதனையும் இழப்பதில்லை. கடலோ அத்தகையதன்று. அங்கே ஒருவன் பூட்டும் வலுவின் விலையை மற்றவன் செலுத்துகின்றான். அத்துடன், தெருவிற் பொழுதுபோக்காகிய அதே மோகம் கடலிலே மானியமும் கொள்கையுமாகி நிற்கின்றது.

கடலின் அமைப்பு

மன்னார்த் தீவு இரு கடல்களுக்கு நடுவே கிடக்கின்றது. வடக்கே பாக்கு விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. சோளகம் வீசுங்காற் தென்கடல் கொந்தளிக்கும். தொழில் வடகடலுக்கு மாறும். வாடை வீசுங்கால் வடகடல் கொந்தளிக்கும். தொழில் தென்கடலுக்குத் திரும்பும். பேசாலை, தலைமன்னார், தாழ்வுபாடு, பள்ளிமுனை, எருக்கலம்பிட்டி ஆகிய தீவுக் கிராமங்களும், வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, விடத்தல்தீவு ஆகிய பெருநிலக் கிராமங்களும் இந்தக் காற்றின் நாட்காட்டியையும் தத்தம் கரையின் இயல்பையும் ஒட்டியே வலையையும் படகையும் வகுத்துக்கொண்டன.

பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி பதினைந்து மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. அதன் அடித்தளத்தில் விரிந்து கிடக்கும் கடற்புல் வெளிகளே இறாலுக்கும் நண்டுக்கும் மீன்குஞ்சுக்கும் தொட்டில். அருகிவரும் ஆவுளியாவுக்கும் அவையே மேய்ச்சல் நிலம். இவ்விலங்கைக் காப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 2022இற் தன் பக்கக் கடலில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பை ஒதுக்கியமை இவ்வெளிகளின் பெறுமதிக்குச் சான்று. இத்தகைய ஆழங்குறைந்த கடலிலே அடித்தளமும் மீன்வளமும் வெவ்வேறல்ல. அடித்தளத்தைச் சிதைப்பவன் விதைநெல்லை அவித்து உண்பவனை ஒப்பான்.

கூட்டிய வலு எங்கே போகின்றது?

இயந்திரத்தின் வலுவை இரட்டித்தாற் படகின் வேகம் இரட்டிக்கும் என்பது பரவலான எண்ணம். நீரைப் பிளந்து செல்லும் கனத்த படகுக்கு இது பொருந்தாது. அத்தகைய படகின் வேகத்துக்கு அதன் நீளமே ஓர் எல்லையை விதிக்கின்றது. நீர்மட்ட நீளத்தை அடிக்கணக்கிற் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆற் பெருக்கினால் அந்த எல்லை மணிக்கு இத்தனை கடல்மைல் எனக் கிடைக்கும். நீர்மட்ட நீளம் 25 அடியாயின் எல்லை ஏறத்தாழ 6.7 கடல்மைலாகும். மூன்றரைத் தொன் படகின் நிலை இதுவே. அதற்கு அப்பால் வலுவைக் கூட்டும்போது, படகு தானே எழுப்பிய அலையின் முதுகில் ஏறமாட்டாமல் தவிக்கும். புகையும் நுரையும் பெருகும். வேகம் அற்பமாகவே ஏறும். மறுபுறம், எல்லையை அண்டி ஓடும் படகின் வேகத்தைப் பத்து வீதம் குறைத்தாலே அதே தூரத்தைக் கடக்க வேண்டிய எரிபொருளில் ஏறத்தாழ ஐந்திலொன்று மிஞ்சும். வலுவின் தேவை வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறுவதே இதற்குக் காரணம்.

அவ்வாறாயின் கனத்த படகிற் பெரிய இயந்திரத்தைப் பூட்டுவோர் அறிவிலிகளா? அல்லர். அவர்கள் வேகத்துக்காக அதனைப் பூட்டவில்லை, இழுவைக்காகப் பூட்டுகின்றனர். இரு பலகைகளால் வாய்விரிக்கப்பட்டு, கனமேற்றிய அடிக்கயிற்றோடு கடலடியைத் தடவிச் செல்லும் மடியை இழுக்க வலு வேண்டும். வலு கூடக்கூட மடி பெரிதாகும், அடிக்கயிறு கனக்கும், உழப்படும் பரப்பு விரியும். ஆகவே கூட்டிய குதிரைவலு படகை முன்தள்ளுவதிற் செலவாவதில்லை. அது கடற்புல்லைப் பிடுங்குவதிலும், சேற்றைக் கலக்குவதிலும், இறாலோடு சேர்த்துக் குஞ்சுமீனை அள்ளுவதிலும் செலவாகின்றது. அவ்வாறு அள்ளப்படும் குஞ்சுமீனின் கணிசமான பகுதி மனிதர் உண்ணும் மீனாகாது, கோழித்தீனாகின்றது. இதுவே உற்பத்திப் பெருக்கம் எனப்படுவதன் உள்ளீடு.

இலேசான கண்ணாடியிழைப் படகின் நிலை சற்று வேறானது. அது நீரின்மேல் வழுக்கி ஓடுவதால் வலுவைக் கூட்டினால் வேகமும் கூடும். ஆயின் அந்த வேகத்தால் விளையும் பயன் யாது? பத்துக் கடல்மைல் தொலைவிலுள்ள தொழிலிடத்துக்கு மணிக்கு எட்டுக் கடல்மைல் வேகத்திற் செல்பவன் எழுபத்தைந்து நிமிடத்திற் சென்றடைவான். பன்னிரண்டு கடல்மைல் வேகத்திற் செல்பவன் ஐம்பது நிமிடத்திற் சென்றடைவான். மிஞ்சும் இருபத்தைந்து நிமிடத்தால் வலையில் மீன் கூடுதலாகப் படுவதில்லை. முன்னே சென்றவன் நல்ல இடத்தைப் பிடிப்பான் என்பதே அதன் இலாபம். அடுத்த பருவத்தில் எல்லோரும் அதே இயந்திரத்தைப் பூட்டிக்கொண்டதும் அந்த இலாபமும் மறைந்துவிடும். எஞ்சுவது கடனும் எண்ணெய்ச் செலவுமே.

1954இல் ஸ்கொட் கோர்டன் என்னும் கனடியப் பொருளியலறிஞர் இந்த நிலையைத் தெளிவாக விளக்கினார். எவரும் வரையறையின்றி நுழையக்கூடிய மீன்பிடித் தளத்தில், கடல் தரும் மிகையான வருவாய் முழுவதும் போட்டிச் செலவாகக் கரைந்துபோகும் வரை முதலீடு ஏறிக்கொண்டே இருக்கும் என்பது அவரது முடிவு. அவரது முடிவுக்கு மன்னார்க் கரையிலே விளக்கவுரை தேவையில்லை.

எண்ணெய்க் கணக்கும் பங்குக் கணக்கும்

2022 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கையில் மண்ணெண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் ஏறியது. வெளியிணைப்பு இயந்திரங்களிற் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடுபவை. நாளொன்றுக்கு இருபது லீற்றர் எரிக்கும் படகின் எண்ணெய்ச் செலவு 1,740 ரூபாவிலிருந்து 6,800 ரூபாவாயிற்று. அந்த இரவிலே, படகின் பின்புறத்திற் கௌரவச் சின்னமாகத் தொங்கிய இயந்திரம் கடன்காரனாக உருமாறியது. குறைந்த வலுவோடு தொழில் செய்தவனும் துன்புற்றான் என்பது மெய். ஆயினும் அவன் துன்பத்தின் அளவு குறைவு. இரண்டடிப்பு இயந்திரம் அதே வேலைக்கு டீசல் இயந்திரத்தைப்போல ஏறத்தாழ இருமடங்கு எரிபொருளைக் குடிக்கும் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

இச்செலவை யார் சுமக்கின்றார் என்பதே தலையாய வினா. பங்குமுறைத் தொழிலிலே நாளின் விற்பனைத் தொகையிலிருந்து முதலில் எண்ணெய்ச் செலவு கழிக்கப்படும். எஞ்சிய தொகையே படகுக்கும் வலைக்கும் இயந்திரத்துக்கும் ஒருபுறமும், கடலுக்குச் சென்றவர்களுக்கு மறுபுறமுமாகப் பிரியும். இயந்திரம் பெருக்குமாயின் முதலிற் கழியும் தொகையும் பெருகும். இயந்திரத்தின் பங்கோ அதன் உடைமையாளனான சம்மாட்டியைச் சேரும். ஆக, வலுவேற்றத்தின் செலவு கூலியாளின் பங்கிலிருந்தும் போக, அதன் பலன் மூலதனம் இட்டவனிடம் குவிகின்றது. சம்மாட்டியும் பல வேளைகளில் மீன் முதலாளியிடம் முற்பணம் பெற்றே இயந்திரம் வாங்குகின்றான். பிடித்த மீனை அவர் கூறும் விலைக்கே அவருக்கு அளக்கின்றான். வளர்ச்சி என்று பெயர்சூட்டப்பட்ட இவ்வேற்பாட்டிலே உழைப்பவன் ஒவ்வொரு படியிலும் இழக்கின்றான்.

வரலாறு புகட்டும் பாடம்

இந்தப் பாதை எங்கே சென்று முடியும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. அயலிலேயே அது நடந்து முடிந்துள்ளது. 1952இற் கைச்சாத்திடப்பட்ட ஒப்பந்தத்தின்கீழ்க் கேரளத்தின் நீண்டகரைப் பகுதியில் இந்திய-நோர்வேத் திட்டம் தொடங்கிற்று. சிறு இயந்திரப் படகுகளால் ஏழை மீனவரை உயர்த்துவதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. இறாலின் ஏற்றுமதிச் சந்தை திறந்ததும் அத்திட்டம் இழுவைமடிக்கு வழிவிட்டது. கட்டுமரக்காரனுக்கும் இழுவைப்படகுக்காரனுக்கும் இடையே மூண்ட மோதல்களின் விளைவாகவே 1988இல் அம்மாநிலம் மழைக்கால இழுவைத் தடையை நடைமுறைப்படுத்தியது.

தமிழ்நாட்டுக் கரையிலும் இதுவே நிகழ்ந்தது. மானியத்தாற் பெருகிய இழுவைப்படகுகள் தம் கரையை வறிதாக்கின. இராமநாதபுரக் கரையிலே வாரத்தில் மூன்று நாட்கள் இழுவைப்படகுக்கும் நான்கு நாட்கள் நாட்டுப்படகுக்கும் எனக் கடலையே கிழமை பார்த்துப் பிரிக்க நேர்ந்தது. 1983ஆம் ஆண்டின் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்வதைத் தடுத்தது. 2020ஆம் ஆண்டின் விதிகள் இயந்திரத்துக்கு 240 குதிரைவலு என எல்லை வகுத்தன. எல்லையை மீறிய சீன இயந்திரங்களுக்கு எதிராகத் தமிழ்நாட்டு மீனவர்களே கிளர்ந்தெழுந்தனர். வலுவேற்றத்தின் தாயகமே அதன் வயிற்றெரிச்சலை வெளிப்படையாகக் கூறும்போது, மன்னார் அதனையே தவமிருந்து கேட்பது விந்தை.

தம் கரை வறண்டதும் அப்படகுகள் எங்கே திரும்பின என்பதை மன்னார் நன்கறியும். 1974இலும் 1976இலும் இரு நாடுகளும் கடல் எல்லையை வகுத்துக்கொண்டன. 1983க்குப் பின் மூண்ட போர்க்காலத்தில் வடபுலத்துக் கடற்றொழிலாளிக்கு நேரத் தடை, தூரத் தடை, இயந்திர வலுத் தடை எனப் பல தடைகள் விதிக்கப்பட்டன. 1990 ஒக்ரோபரில் மன்னாரின் முஸ்லிம் மக்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டி முதலிய கிராமங்களின் தொழிலும் அறுந்தது. இவ்வாறு வெறிச்சோடிய கடலிலே இந்திய இழுவைப்படகுகள் தடையின்றி உழுதன. 2009இற் போர் முடிந்து கடலுக்குத் திரும்பியவன் கண்டது, இரவில் விரித்த வலையை விடிவதற்குள் அறுத்துச்செல்லும் படகுப் பட்டாளத்தையே. நீலக்கால் நண்டுக்கு அடிவலை விரிப்பவன் ஒரே இரவில் தன் முதல் முழுவதையும் இழக்கின்றான்.

எதிர்வாதங்கள்

‘அவர்கள் அள்ளுவதை நாம் அள்ளினால் என்ன? விட்டுவைத்தாலும் அவர்களே கொண்டுபோவார்கள்’ என்பது முதல் வாதம். காது கேட்க இனிக்கும் இவ்வாதத்துக்கு மூன்று விடைகள் உள. முதலாவது, தமிழ்நாட்டுப் பக்கத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இழுவைப்படகுகள் உள்ளன. குதிரைவலுப் போட்டியிற் சில கிராமங்கள் அவற்றை வெல்லப்போவதில்லை. இரண்டாவது, பேசாலையில் இழுக்கப்படும் மடி இராமேசுவரத்துப் படகை அறுப்பதில்லை; பக்கத்து ஊரானின் வலையையே அறுக்கின்றது. மூன்றாவது, 2017 ஜூலையில் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடித் தொழிலை முற்றாகத் தடைசெய்யும் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. தமிழ்ப் பிரதிநிதி ஒருவர் கொணர்ந்த தனிநபர் சட்டமூலம் அது. வடபுலத்துச் சிறு தொழிலாளர் பல்லாண்டு குரல்கொடுத்துப் பெற்ற ஆயுதம் அது. உள்ளூரில் அதனை மழுங்கச் செய்துவிட்டு, வெளியாரை நோக்கி மட்டும் நீட்டுவதற்கு எவ்வித அறநியாயமும் இல்லை.

‘இழுவைப்படகை நம்பிய குடும்பங்கள் என்ன செய்யும்?’ என்பது இரண்டாவது வாதம். இது நேர்மையான வினா. நேர்மையான விடையை வேண்டி நிற்பது. பேசாலையின் இழுவைப்படகிற் கூலிக்குச் செல்பவன் கடலைக் கெடுக்கப் பிறந்தவனல்லன். ஒரு காலத்தில் அரசே ஊக்குவித்த தொழிலை மேற்கொண்டவன். தடையை விதித்துவிட்டு அவனைத் தெருவில் விடுவது அநீதி. ஆயின் அவனது படகு செதிள் விற்பனைக்குரியதன்று. அதே உடலும் அதே இயந்திரமும் செவுள்வலைக்கும் தூண்டிற் தொழிலுக்கும் போதுமானவை. தேவைப்படுவது வலைமாற்றத்துக்கான முதலும், இடைக்கால வருவாயுமே. பெரிய இயந்திரத்துக்குக் கோரப்படும் மானியத்தின் ஒரு பகுதியே இதற்குப் போதும்.

‘ஆழ்கடலுக்குச் சென்றால் எல்லாம் தீரும்’ என்பது மூன்றாவது வாதம். 2017இல் இந்தியா, பாக்கு விரிகுடாவின் இரண்டாயிரம் இழுவைப்படகுகளை மூன்றாண்டுகளில் ஆழ்கடற் படகுகளாக மாற்றும் திட்டத்தை அறிவித்தது. படகொன்றின் விலை எண்பது இலட்சம் இந்திய ரூபா. அதில் எழுபது வீதம் மானியம். அத்தனை மானியம் இருந்தும் இலக்கின் சிறு பகுதியே நிறைவேறிற்று. நாட்கணக்கிற் கடலிற் தங்கும் தொழில் வேறு. மாலை சென்று காலை திரும்பும் தொழில் வேறு. மனிதரின் வாழ்முறையை மறந்து இயந்திரத்தை மட்டும் மாற்றும் திட்டம் எந்நாட்டிலும் இவ்வாறே முடியும்.

செய்யத்தக்கவை

அரிப்புக் கரையின் பழைய முத்துக்குளிப்பு இங்கே ஒரு வழியைக் காட்டுகின்றது. அந்நாளில் முத்துச்சிப்பி விளையும் பார்களை முதலில் ஆராய்ந்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்துப் பார்த்து, அதன் பின்னரே குளிப்புக்கு நாள் குறிக்கப்பட்டது. படகுகளின் தொகையும் வரையறுக்கப்பட்டது. அது குடியேற்ற அரசின் கருவூலத்துக்காக நடந்த தொழில். குளித்தவனின் நலத்துக்காக நடந்ததன்று. ஆயினும் கடலை அளந்த பின்னரே படகை எண்ணவேண்டும் என்னும் முறை அதில் இருந்தது. அம்முறையும் பேராசைக்கு முற்றாக அணைகட்டியதில்லை. 1906இல் ஓர் ஆங்கிலக் கம்பனி அப்பார்களை இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907இன் பின் 1925 வரை அங்கே முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. இன்றோ முதலிற் படகும் இயந்திரமும் எண்ணப்படுகின்றன. கடல் ஈற்றில் அளக்கப்படுகின்றது, அதுவும் அளக்கப்பட்டால்.

எனவே கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தத்தம் துறையில் இறங்கும் படகின் நீளத்துக்கேற்ப இயந்திர வலுவுக்கு உச்சவரம்பு விதிக்கவேண்டும். திணைக்களம் அதனைச் சட்டமாக்கவேண்டும். மானியம் குதிரைவலுவுக்கு வழங்கப்படாது பனிக்கட்டிக்கும், படகுக்குப் பொருந்திய சுழல்விசிறிக்கும், எரிபொருளைச் சிக்கனமாக எரிக்கும் நாலடிப்பு இயந்திரத்துக்கும், ஊரிலேயே இயந்திரம் திருத்தப் பயிலும் இளைஞர்க்கும் வழங்கப்படவேண்டும். எண்ணெய்ச் செலவு பங்குபிரிக்குமுன் முழுவதுமாகக் கழிக்கப்படும் வழக்கம் மாறி, இயந்திரத்தின் பங்கும் அதில் ஒரு பகுதியை ஏற்கவேண்டும். அந்த மாற்றம் வந்த மறுநாளே பெரிய இயந்திரத்தின் மீதுள்ள மோகம் பாதியாகக் குறையும். எண்ணெயின் விலையைத் தன் கையாற் செலுத்துபவன் எண்ணெயை எண்ணி எரிப்பான்.

கிளிநொச்சியிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் இயங்குகின்றது. அங்கு பொறியியல் பயிலும் மாணவன் மன்னார்க் கரைக்குச் சில மணிநேரத்திற் செல்லலாம். எந்தப் படகுக்கு எவ்வளவு வலு போதும் என்பதை அவனாற் கணக்கிட்டுக் காட்டமுடியும். எந்தத் துறையில் எவ்வளவு எண்ணெய் எரிந்து எவ்வளவு மீன் வந்தது, அதில் யாருக்கு எவ்வளவு சென்றது என்பதைப் பொருளியல் மாணவனாற் பதிவுசெய்ய முடியும். தமிழிலே எழுதி, வங்காலையிலும் பள்ளிமுனையிலும் படித்துக் காட்டத்தக்க கணக்காக அது அமையவேண்டும். அடுத்த மானியப் பட்டியல் தயாராகும்போது, படகுக்கு எத்தனை குதிரைவலு என்ற கேள்விக்கு முன் இந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை கடற்றொழிலாளிக்கு உண்டு. அதனை அவன் கையிற் கொடுப்பது கற்றவரின் கடமை.